உதட்டைத் தைத்த பிறகு



நான் பல் சீரமைப்பு மருத்துவன். 'பல்லுக்குக் கம்பி போடுகிறவர்' என்றால்தான் ஊரில் தெரியும். பிளவு உதட்டோடும் பிளவு அண்ணத்தோடும் பிறந்த பிள்ளைகள் எங்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதில். கூட வரும் அப்பாவோ சித்தப்பாவோ சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "குழந்தையிலேயே ஆபரேஷன் பண்ணிட்டோம் சார். நல்லாத்தான் இருந்தான். இப்ப கீழ்த்தாடை மட்டும் நீட்டிக்கிட்டே வருது. அதைக் கொஞ்சம் குறைச்சுவிட முடியுமா?"

முகத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்ப்போம். கீழ்த்தாடை அந்த வயதுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ, பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். பின்தங்கியிருப்பது மேல்தாடை. மூக்கின் அடியும் கன்னமும் மேலுதடும் உள்ளே போய்விட்டதால் கீழே இருப்பது முன்னால் வந்ததாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வயதில் நன்றாக மூடித் தைத்த வாய், பதினைந்து வயதில் ஏன் இப்படி ஆகிறது? இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். மருத்துவர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று அமைப்பாளர் ஒருவர் கேட்டார். மருத்துவர்களுக்கு இது தெரியும். தெரியாமல் இருப்பது அந்தப் பிள்ளைகள் வளர்கிற வீட்டுக்கும் படிக்கிற பள்ளிக்கும்தான்.

கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் தனித்தனி மேடுகள் வளர்ந்து வந்து நடுவில் சேர்கின்றன. மேலுதடு சேர்வது 6, 7ஆம் வாரத்தில். நாக்கின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு தகடுகள் மேலெழும்பி, படுத்து, ஒன்றோடொன்று ஒட்டி அண்ணமாவது 12ஆம் வாரத்துக்குள். சேர வேண்டியது சேராமல் நின்றால் பிளவு. உதட்டுப் பிளவு ஆண் பிள்ளைகளுக்கு அதிகம், அதிலும் இடது பக்கம் அதிகம். அண்ணம் மட்டும் பிளந்திருப்பது பெண் பிள்ளைகளுக்கு அதிகம். பெண் கருவில் அந்தத் தகடுகள் சேர ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதலாக ஆகிறது என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நம் நாட்டில் 700இலிருந்து 1000 பிறப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரகணத்தன்று காய் நறுக்கினாள், வெளியே போனாள் என்று மருமகளைப் பழிக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. கிராமச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதியப் போகும் நேரத்தில் பல பெண்களுக்கு உள்ளே உதடு சேர்ந்தோ சேராமலோ முடிந்துபோயிருக்கும். மரபணுவும் சூழலும் கலந்த காரணங்கள் பல. வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள், புகை, கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவை அவற்றில் சில. அரிவாள்மனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி வளர்ச்சி. பிறந்த குழந்தைக்கு மண்டை பெரிது, முகம் சின்னது. மேல்தாடை மண்டையின் அடியில் எலும்பு இணைப்புகளால் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இணைப்புகளில் புது எலும்பு சேரச் சேர, தாடை முன்னும் கீழுமாக இறங்கி வருகிறது. மூக்கின் நடுத்தண்டும் தன் பங்குக்கு அதை முன்னே தள்ளுகிறது. அகலம் முதலில் முடியும், பிறகு நீளம், கடைசியில் உயரம். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதுவரை, பையன்களுக்கு 17, 18 வரை இது நடக்கும். கீழ்த்தாடை இன்னும் சற்றுப் பிந்தித்தான் ஓயும். அதனால்தான் எட்டு வயதில் சிறிய குறையாக இருந்தது மீசை முளைக்கும் பருவத்தில் பெரிதாகத் தெரிகிறது. கடைசி ஓட்டத்தில் கீழ்த்தாடை ஓடுகிறது, மேல்தாடை ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்பதற்கு இரண்டு விடைகள் இருக்க முடியும். பிளவோடு பிறந்த தாடைக்கு வளரும் திறனே குறைவு என்பது ஒன்று. திறன் இருக்கிறது, நாம் செய்த அறுவை சிகிச்சை அதைப் பிடித்து நிறுத்திவிட்டது என்பது இன்னொன்று. 1949இல் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் கிரேபர், சிறு வயதில் முரட்டுத்தனமாகச் செய்த அண்ண அறுவைதான் தாடையைக் கெடுக்கிறது என்று சொல்லி அறுவை மருத்துவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். ஆனால் நிரூபிப்பது எப்படி? அறுவையே செய்யாமல் வளர்ந்த பெரியவர்களின் முகத்தை அளந்து பார்க்க வேண்டும். லண்டனிலும் ஆஸ்லோவிலும் அப்படி ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். மெக்சிகோவில் ஓர்ட்டிஸ் மொனஸ்டெரியோ 1950களின் கடைசியிலேயே அத்தகைய சிலரைப் பார்த்து எழுதினார். கேள்வியைத் தீர்த்து வைத்தது நமக்குப் பக்கத்தில் உள்ள காலி.

இலங்கையின் தென்கரைக் காலியில், 1980களின் நடுவில், குழந்தை மருத்துவர் லமாபதுசூரியவும் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அறுவை மருத்துவர் டேவிட் ஜேம்ஸும் அதில் இருந்தார். நோக்கம் சிகிச்சைதான். சிகிச்சைக்கு வந்தவர்களில் கைக்குழந்தைகள் மட்டுமல்ல, பிளவோடே வளர்ந்து வாலிபராகவும் நடு வயதினராகவும் ஆகிவிட்டவர்களும் இருந்தார்கள். ஒன்றுமே செய்யப்படாதவர்கள், உதடு மட்டும் தைக்கப்பட்டவர்கள், உதடும் அண்ணமும் இளம் வயதில் தைக்கப்பட்டவர்கள், பிளவே இல்லாத அவ்வூர்க்காரர்கள் என்று நான்கு வகையும் ஒரே நாட்டில், ஒரே மக்களில் கிடைத்தார்கள். அறுவைக்கு முன் எக்ஸ்ரே எடுத்தார்கள், பல்வரிசைக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். 1990இல் மார்ஸும் ஹூஸ்டனும், 13 வயதைக் கடந்த ஆண்களின் முகவளர்ச்சியை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இன்றும் எங்கள் துறையில் பாடம். ஒன்றுமே செய்யப்படாதவர்களின் மேல்தாடை முன்னோக்கி இயல்பாக வளர்ந்திருந்தது. உதடு மட்டும் தைத்தவர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். முன்பற்கள் சற்று உள்சாய்ந்ததோடு சரி. அண்ணமும் தைத்தவர்களில்தான் தாடை பின்தங்கியவர்கள் நிறைய.

பிளவுத் தாடைக்கு வளரும் திறன் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படி. இதில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு. முப்பது, நாற்பது வருடம் மருத்துவம் எட்டாமல் கிடந்த ஏழைகளின் முகங்கள்தான் உலகத்துக்கு அளவுகோலாயின. பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் தாடை இன்று ஓரளவு ஒழுங்காக வளர்வதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எங்கள் புத்தகங்களில் அவர்கள் 'அறுவை செய்யப்படாத நேர்வுகள்' என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள்.

தழும்பு என்ன செய்கிறது என்று சொல்கிறேன். பிளந்த அண்ணத்தை மூட வேறு இடத்திலிருந்து சதை கொண்டுவருவதில்லை. இரு பக்கமும் எலும்பின் மேலிருக்கும் தடித்த சவ்வை உரித்து நடுவுக்கு நகர்த்துகிறார்கள். நகர்ந்த இடத்தில், பற்களை ஒட்டி, எலும்பு வெறுமையாகிவிடுகிறது. அது ஆறும்போது இறுகிய தழும்பு உண்டாகிறது. பால்பற்கள் உள்ளே சாய்கின்றன, பல்வரிசை குறுகுகிறது, மேல்தாடை பின்னாலிருந்து கட்டுண்டு போகிறது. எவ்வளவு எலும்பு வெறுமையாயிற்று, இரத்த ஓட்டம் எவ்வளவு காப்பாற்றப்பட்டது, எத்தனை முறை திறந்து மூடினார்கள் என்பதைப் பொறுத்து இதன் அளவு மாறும். உங்கள் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்து ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது; செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்தேன் என்று அவனே கல்லில் எழுதி வைத்திருக்கிறான். உளி விழுந்த இடம் விழுந்தபடியே இருக்கிறது. குழந்தையின் அண்ணத்தில் கத்தி வைக்கிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர் வெட்டியது பதினேழு வருடம் வளர்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் தாடை வளர்ந்து முடியும்வரை அண்ணத்தைத் தொடாமல் விட்டுவிடலாமே? ஜெர்மனியின் மார்பர்க்கில் ஷ்வெக்கென்டிக் என்ற தந்தையும் மகனும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். பின்பக்கத்துத் தசையான மென்அண்ணத்தை மட்டும் முதல் வயதிலேயே தைத்து, முன்பக்கத்து எலும்பான வன்அண்ணத்தின் ஓட்டையை 12, 15 வயதுவரை ஒரு தகட்டால் அடைத்து வைத்தார்கள். முகங்கள் அழகாக வளர்ந்தன. 1984இல் வெளியூர்க் குழு ஒன்று அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதியபோது முகவளர்ச்சியைப் பாராட்டியது, பேச்சைக் கேட்டு வருந்தியது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. அண்ணம் முகத்துக்கு மட்டும் சொந்தமில்லை, பேச்சுக்கும் சொந்தம். எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல், பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு அண்ணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மெல்லின எழுத்துகளுக்கு மூக்கின் காற்று வேண்டும் என்றும் சொல்கிறது. க, ச, ட, த, ப, ற என்ற வல்லினம் ஆறுக்கும் வாய்க்குள் காற்று அடைபட்டு நின்று வெடிக்க வேண்டும். அதற்கு மென்அண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்க வேண்டும். அடைக்க அண்ணம் இல்லாத பிள்ளைக்கு வல்லினம் மெல்லினமாகிவிடுகிறது. அவன் 'பாட்டு' என்பது நம் காதில் 'மாண்ணு' என்று விழும். பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. வாயில் நிறுத்த முடியாத காற்றைத் தொண்டையிலேயே நிறுத்தப் பழகிவிடுகிறார்கள். பழகிவிட்டால், பிறகு அண்ணத்தை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அந்தப் பழக்கம் போகாது.

இதையும் காலிதான் காட்டியது. வாலிப வயதில் முதல்முறையாக அண்ணம் தைக்கப்பட்ட அந்த இலங்கைப் பிள்ளைகளின் பேச்சை டெபி செல்லும் பமீலா கிரன்வெல்லும் ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். அறுவைக்குப் பிறகும் பலருக்குப் பேச்சு பெரிதாக மாறவில்லை. எவருடைய தாடை இயல்பாக வளரும் என்று நிரூபித்தார்களோ, அந்த மக்களின் வாயிலிருந்து வந்த பேச்சு கேட்பவர்களுக்கு விளங்கவில்லை. தாடை காத்திருக்கச் சொல்கிறது. நாக்கு காத்திருக்காது.

உலகம் பேச்சின் பக்கம் நின்றது. சரியாகத்தான் நின்றது என்பது என் கருத்து. தாடை பின்தங்கினால் பதினெட்டு வயதில் நகர்த்திக்கொள்ளலாம். பேச்சு போனால் பள்ளியும் வேலையும் அதோடு போகும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலுமாக 23 மையங்கள் சேர்ந்து, அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளில் பாதிப் பேருக்கு 6 மாதத்திலும் பாதிப் பேருக்கு 12 மாதத்திலும் அறுவை செய்து, ஐந்து வயதில் பேச்சைப் பார்த்தன. முடிவு 2023இல் வந்தது. மூக்கின் வழி சரியாக அடைபடாதவர்கள் முதல் குழுவில் 8.9 விழுக்காடு, இரண்டாவதில் 15 விழுக்காடு. நம் மருத்துவமனைகளில் உதட்டை மூன்று மாதத்தை ஒட்டியும் அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைக்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் குழந்தையை எடை ஏற்றித் தர வேண்டிய பொறுப்பு தாயுடையது. சப்பிக் குடிக்க முடியாத குழந்தைக்குப் பாலாடையில் தாய்ப்பாலை ஊற்றிக் காப்பாற்றும் பாட்டிகள் இல்லாவிட்டால், எங்கள் யாருக்கும் வேலையே இருந்திருக்காது.

எப்போது வெட்டுவது என்பதைவிட முக்கியமான ஒன்று, யார் வெட்டுவது, யார் தொடர்ந்து பார்ப்பது என்பது. பத்து வயதுப் பிள்ளையின் பிளாஸ்டர் பல் அச்சைப் பார்த்து, 1இலிருந்து 5வரை மதிப்பெண் போடும் முறை ஒன்றை மார்ஸும் ஆஸ்லோக்காரர்களும் 1987இல் உருவாக்கினார்கள். 4, 5 என்றால் அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் தாடை அறுவை தேவைப்படலாம். ஐரோப்பாவின் ஆறு மையங்களை இப்படி ஒப்பிட்டபோது, ஒரே நோய், ஒரே வயது, விளைவு மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. அதிகச் சிகிச்சை செய்த இடம் நல்ல விளைவு பெறவில்லை. சில கைகளே, ஒரே முறையில், நிறையப் பேருக்குச் செய்த இடங்கள்தான் பெற்றன. பிரிட்டனில் 1998இல் ஓர் அரசு அறிக்கை, 57 இடங்களில் சிதறிக் கிடந்த இந்த வேலையை 8இலிருந்து 15 மையங்களாகக் குறைக்கச் சொன்னது. அப்போது ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரின் பல்வரிசை மோசம். குறைத்த பிறகு எடுத்த கணக்கில் அது பாதியாகிவிட்டது. புது மருந்து, புதுக் கருவி எதுவும் வந்துவிடவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். மிர்சாபூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் உதடு தைக்கப்படும் கதை. 2009இல் ஆஸ்கர் வாங்கியது. நல்ல படம். அறுவைக்குப் பின் கண்ணாடியில் முகம் பார்க்கும் இடத்தோடு இப்படிப்பட்ட கதைகள் முடிந்துவிடுகின்றன, முடியத்தான் வேண்டும். பதினைந்து வருடம் எந்தப் படக் குழு காத்திருக்கும்? நம்முடைய கணக்குகளும் அங்கேயே முடிவதுதான் சங்கடம். முதலமைச்சரின் காப்பீட்டிலும் தொண்டு நிறுவனங்களின் பணத்திலும் இன்று அறுவை கட்டணமில்லாமல் நடக்கிறது. இத்தனை அறுவைகள் என்று எண்ணுகிறோம். அந்தத் தொண்டு நிறுவனங்களே பேச்சுப் பயிற்சிக்கும் பல் சீரமைப்புக்கும் உதவ முன்வந்துவிட்டன. பிள்ளைகள்தான் வரவில்லை.

வராததற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. இந்த மாவட்டத்தில் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும். உதடு சேர்ந்துவிட்டது, சாப்பிடுகிறான், பள்ளிக்குப் போகிறான். ஒரு நாள் கூலியை விட்டு எதற்கு மருத்துவமனை? அடுத்த முறை எப்போது, எதற்காக வர வேண்டும் என்று யாரும் விளங்கச் சொன்னதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் வேறு வழியில் போனார்கள். உள்ளூர் ஆட்களைப் பயிற்றி, பேச்சுப் பயிற்சியைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். தாடைக்கும் அப்படி ஒன்று செய்ய முடியும்.

ஏனென்றால் தாடைக்கு அவசியமான சந்திப்புகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும்.

பிளவு ஈற்றெலும்பையும் கடந்து போயிருந்தால் அங்கே எலும்பு இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். பக்கத்து வெட்டுப்பல் பல நேரம் முளைப்பதே இல்லை, முளைத்தாலும் கோணல். அடுத்து இறங்க வேண்டிய கோரைப்பல்லுக்கு இறங்க எலும்பு வேண்டும். 1950, 60களில் கைக்குழந்தையிலேயே அங்கே எலும்பை வைத்துப் பார்த்தார்கள். தாடை வளர்ச்சி மேலும் கெட்டது, பெரும்பாலோர் கைவிட்டார்கள். 1972இல் பாய்னும் சாண்ட்ஸும் வேறொரு நேரத்தைக் காட்டினார்கள். மேல்தாடையின் முன்பகுதி அகலம் பெரும்பாலும் வளர்ந்து முடிந்து, கோரைப்பல் இன்னும் முளைக்காமல் இருக்கிற 8இலிருந்து 11 வயது. இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அந்தப் பள்ளத்தில் நிரப்புகிறார்கள். முன்னதாகக் குறுகிய பல்வரிசையைக் கம்பியால் விரித்துக்கொள்ள வேண்டும். சில மாதத்தில் அந்தப் புது எலும்பின் வழியாகக் கோரைப்பல் இறங்குகிறது, இறங்கும்போது எலும்பைத் தன்னோடு வளர்த்துக்கொண்டே வருகிறது. மூக்கின் அடிக்கும் தாங்கல் கிடைக்கிறது. அதே வயதில் தாடை லேசாகப் பின்தங்கியிருந்தால், நெற்றியிலும் மோவாயிலும் ஊன்றிய முகக்கவசத்தில் ரப்பர் மாட்டி முன்னே இழுத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குப் பலிக்கிறது.

இதைத் தவறவிட்டவன் பதினாறு வயதில் வந்தால் என்னிடம் இருப்பது பெரிய வைத்தியம் மட்டுமே. வளர்ச்சி முடிந்தபின் மேல்தாடையை அறுத்து முன்னே நகர்த்திப் பொருத்துவது. ஒருபக்க முழுப் பிளவுள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது தேவைப்படும் என்று டொராண்டோவின் ராஸ் 1987இல் கணக்கிட்டார். பழைய தழும்பு பின்னால் இழுக்கும். தூரம் அதிகமென்றால் ஒரே நாளில் நகர்த்தாமல், கருவி பொருத்தி நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக இழுக்க வேண்டும். அப்படி முன்னே வரும் தாடையோடு அண்ணமும் முன்னே வருவதால், மூக்கின் வழி மீண்டும் சற்றுத் திறந்து, பாடுபட்டுத் திருத்திய பேச்சு கெடவும் கூடும். முகத்தை மீட்கப் போய்ப் பேச்சை இழக்கும் இந்தச் சிக்கலைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் என் தொழிலில் எனக்குக் கடினமான நேரம்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுவைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் தொடங்கியது. 30 வகைக் குறைகளை அவர்கள் பார்க்க வேண்டும். உதடு, அண்ணப் பிளவு அதில் ஒன்று. திட்டத்தின் வயது வரம்பு பிறந்தது முதல் 18. தாடை வளர்ந்து முடியும் வயதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் படிவத்தில் 'அறுவை செய்யப்பட்டது' என்று எழுதியதும் அந்தப் பிள்ளை பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறது. நான் கேட்பது ஒரு கட்டம் மட்டும்: ஏழரை வயதில் மறுபடியும் பார்த்தாயிற்றா என்று. தாய் கர்ப்பம் பதியும்போதே ஓர் எண் தருகிறார்கள் அல்லவா, அந்த எண்ணோடு இந்தக் கட்டத்தையும் சேர்த்துவிட்டால் குடும்பம் எந்தச் சூளையில் இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம்.

அது வரும்வரை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் வகுப்பில் மேலுதட்டில் தழும்புள்ள பிள்ளை இருந்தால் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பற்களுக்குப் பக்கத்தில் ஈறு பிளந்தோ பள்ளமாகவோ தெரிந்தால், பெற்றோரிடம் சொல்லி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு வாங்கிப் போகலாம். அங்கே எக்ஸ்ரே எடுத்துக் கோரைப்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதிக்கு வந்திருந்தால் வேலையைத் தொடங்குவார்கள். வரவில்லையென்றால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தை யாருடைய நோட்டில் குறித்து வைப்பது என்பதைப் பற்றி, கூட்டம் முடிந்ததும் இங்கே வந்திருக்கிற கிராமச் செவிலியர்களோடு உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறேன். நேரமிருக்கிற ஆசிரியர்களும் இருந்துவிட்டுப் போங்கள்.